சபுர் என்றால் சம்பாத்தியம் மட்டுமா?

சென்ற முஹர்ரம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் எம்மை ஒரு வீட்டாருக்கு அழைப்பு. பகல் உணவு முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து உறவினர் பதினைந்து பேர் அமர்ந்தனர். இரண்டு செய்திகள் அங்கே பேசப்பட்டன.

முதற் செய்தி, வீட்டுத் தலைவரின் தங்கை மகனைப் பற்றியது. வயது 21. ஷார்ஜாவில் ஒரு பண்டகசாலையில் வேலை, ஈராண்டு ஒப்பந்தம். விசாவுக்கும் முகவருக்கும் பணம் கட்டுவதற்காகத் தாயின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. செய்தியைக் கேட்டவுடன் கூடம் முழுதும் 'மாஷா அல்லாஹ்' என்றது. துஆ ஓதுமாறு எம்மைக் கேட்டனர், ஓதினோம்.

இரண்டாம் செய்தி அவருடைய மூத்த மகனைப் பற்றியது. வயது 26. சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் நான்காண்டுகளாக வேலை. சிறு வயதில் எம்மிடம் ஓதிய பிள்ளை. இப்போது வேலையை விட்டு ஓராண்டு விலகி நின்று, தான் சேர்த்து வைத்த பணத்தில் உலகைக் காணப் புறப்படப் போகிறேன் என்கிறான். பினாங்கில் தொடங்கி, புகாராவும் சமர்கந்தும் கண்டு, இஸ்தான்பூல் வழியாக மொரோக்கோவின் தான்ஜியர் வரை போவது அவன் திட்டம். இதைச் சொல்லி முடித்ததும் கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு தந்தையார் எம் பக்கம் திரும்பி, "ஹஜ்ரத், பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது. உங்கள் சொல்லை அவன் தட்ட மாட்டான். நீங்கள்தான் தடுத்து நிறுத்த வேண்டும்" என்றார். உள்ளிருந்து அவருடைய பெரியம்மா, "அதுவும் ஸஃபர் பிறை பிறக்கப் போகிற நேரத்தில்!" என்று குரல் கொடுத்தார்.

அடகு வைத்துப் போகிறவனுக்கு எம்மிடம் துஆ கேட்டவர்கள், கடன் ஒரு காசு இல்லாமல் போகிறவனுக்கு எம்மிடம் தடை கேட்டார்கள். நாம் தடை சொல்லவில்லை. அதனால் அன்று அக்கூடத்தில் எழுந்த முணுமுணுப்பு இன்னும் அடங்கவில்லை. பள்ளிவாசல் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் எம்மைப் பற்றிப் பேசுவோர்க்கு ஒவ்வொருவராக விடை கூறுவதைவிட எழுதிவிடுதல் நலம் என்று தோன்றிற்று.

முதலில் பெரியம்மாவின் அச்சத்தைத் தீர்த்துவிடுவோம். மாதத்தின் பெயராகிய ஸஃபர், ஸாது என்னும் எழுத்தில் தொடங்குவது. பயணத்தைக் குறிக்கும் ஸஃபர், ஸீன் என்னும் எழுத்தில் தொடங்குவது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அரபியில் இரண்டுக்கும் உறவே இல்லை. ஸஃபர் மாதத்தைப் பீடை மாதமாக எண்ணுவது அறியாமைக் காலத்து வழக்கம். பெருமானார் (ஸல்) அவர்கள் அதனை மறுத்திருக்கிறார்கள். பெரியம்மா எம்மை மன்னிப்பாராக.

பயணத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லிடம் வருவோம். திரை விலகுதல், மறைந்தது வெளிப்படுதல் என்பது அதன் வேரிலுள்ள பொருள். பெண் முகத்திரையை நீக்கினாள் என்பதற்கும், கிழக்கு வெளுத்தது என்பதற்கும் அரபியில் இவ்வேரிலிருந்தே சொல் எடுப்பார்கள். மனிதனின் உள்ளியல்பை வெளியே கொணர்வதால் பயணத்துக்கு ஸஃபர் என்று பெயர் வந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் அதையே கூறியுள்ளார்கள். ஒருவருக்கு நற்சான்று கூற வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள், நீர் அவரோடு பயணம் செய்ததுண்டா என்று கேட்ட செய்தியை மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் அனைவரும் அறிவர்.

அச்சொல் கடல் கடந்து எம் கரைக்கு வந்தது. இங்கே அது சபுர் ஆயிற்று. சபுருக்குப் போனவர் சபுராளி ஆனார். காயலிலும் கீழக்கரையிலும் அதிரையிலும் நாகூரிலும் சபுராளி இல்லாத தெரு உண்டா? சபுராளிகள் வெறுங்கையோடு வாழ்ந்துவிட்டு வரவில்லை. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. சிங்கப்பூரில் சூலியாப் பள்ளிவாசல் 1826இல் தொடங்கப்பட்டது. சைகோன் நகரின் நடுவே 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. எம் முன்னோர் போன இடமெல்லாம் பள்ளிவாசல் எழுப்பினர்; ஊருக்குப் பணம் அனுப்பினர்; தங்கைகளைக் கரையேற்றினர். அவர்களைக் குறைத்துப் பேச எமக்கு நாவில்லை. நாமும் அந்தப் பணத்தில் உண்டு வளர்ந்த பிள்ளையே.

ஆனால் ஒன்று நடந்துவிட்டது. சபுர் என்னும் சொல்லிலிருந்து பார்ப்பதும் அறிவதும் மெல்ல மெல்ல உதிர்ந்து, சம்பாதிப்பது மட்டும் எஞ்சிற்று. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடாவின் கதவுகள் திறந்தன. அன்றிலிருந்து அந்த எஞ்சிய பொருளே முழுப்பொருள் ஆகிவிட்டது. பணத்துக்காக ஒருவன் இருபதாண்டு மனைவி மக்களைப் பிரிந்திருந்தால் அது கடமை. பணமின்றி ஓராண்டு பிரிந்திருந்தால் அது பைத்தியம். இக்கணக்கு எம் சமுதாயத்துக்கு எப்போது சரியாகப் பட்டது?

இங்கே எம் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1958இல், தம் பதினெட்டாம் வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலில் ஏறினார்கள். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் எம்மவரில் எத்தனை ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியதோ, இறைவனுக்கே தெரியும். பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் கணக்கெழுதி, இறுதியில் கல்லாவில் அமர்ந்து 23 ஆண்டுகள் கழித்தார்கள். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் வருவார்கள். எம் மூத்த சகோதரி அவர்களை முதன்முதலில் கண்டபோது, யாரோ விருந்தாளி என்றெண்ணி உள்ளே ஓடி ஒளிந்தாராம்.

1981இல் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் இரவு, நாம் சிறுவனாக அருகில் அமர்ந்து, "வாப்பா, பினாங்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டோம். வெகுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, கடையின் அளவையும் அரிசி மூட்டைகள் அடுக்கும் முறையையும் சொன்னார்கள். பிறகு, "அங்கே ஒரு மலை உண்டு. மலைமேல் ரயில் ஏறும். மேலே நின்றால் கடலும் ஊரும் ஒருசேரத் தெரியும் என்பார்கள்" என்றார்கள். "நீங்கள் ஏறினீர்களா?" என்றோம். "கடையை யார் பார்ப்பது?" என்றார்கள். அந்த ரயில் 1920களிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கடையிலிருந்து அரை நாளில் போய் வரலாம். 23 ஆண்டுகளில் அந்த அரை நாள் அவர்களுக்குக் கிட்டவில்லை. கிட்டவில்லை என்பதும் சரியன்று. எடுத்துக்கொண்டால் அது குற்றம் என்று அவர்களுடைய உள்ளம் பழக்கப்பட்டிருந்தது.

அவர்கள் தம் இளமையை விற்றதால் நாம் கிதாபு ஓதினோம். அந்த நன்றி எம் உடலில் உயிருள்ளவரை உண்டு. அவர்கள் பட்டதை இன்னொரு தலைமுறையும் படவேண்டும் என்று அந்த நன்றியைக் காட்டியே வாதிடுவோரை எம்மால் ஏற்க இயலவில்லை.

இனி எதிர்ப்புரைகளைப் பார்ப்போம். அக்கூடத்திலிருந்த பெரியவர் ஒருவர், கற்றவர், ஹதீஸ் ஒன்றை முன் வைத்தார். பயணம் வேதனையின் ஒரு பங்கு என்றும், உணவையும் உறக்கத்தையும் அது தடுக்கிறது என்றும், காரியம் முடிந்தவன் விரைந்து வீடு திரும்பட்டும் என்றும் பொருள்படும் நபிமொழி அது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது, ஆதாரத்தில் ஐயமில்லை. ஆனால் அந்த நபிமொழி யாரை நோக்கிப் பேசுகிறது? காரியம் முடிந்தும் வீடு திரும்பாதிருப்பவனை நோக்கி. அப்படியாயின் இருபதாண்டு ஷார்ஜாவிலும் தம்மாமிலும் கிடப்பவரின் வீட்டு வாசலில் அல்லவா அதை முதலில் ஓதியிருக்க வேண்டும்? இமாமுல் ஹரமைன் அவர்கள் தம் தந்தையாரின் பாட இருக்கையில் அமர்ந்தபோது, பயணம் ஏன் வேதனை என்று வினவப்பட்டது. அன்புக்குரியோரைப் பிரிவதால் என்று உடனே விடை சொன்னார்களாம். அந்த விடையை எம் தெருக்களின் பெண்களைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். அவர்களிடம் இந்த ஹதீஸை எடுத்துரைக்க இதுவரை எவரும் முன்வந்ததில்லை.

வேறொருவர் எமக்குத் துணை நிற்பதாக எண்ணி, சீனா சென்றேனும் கல்வி தேடுக என்ற வாசகத்தை எடுத்துக் கொடுத்தார். மேடைதோறும் முழங்கும் வாசகந்தான். ஹதீஸ் கலை வல்லுநர் அதன் அறிவிப்பாளர் தொடரை ஏற்கவில்லை. வலுவற்ற கோலை ஊன்றி நடக்க வேண்டிய தேவை எமக்கில்லை என்று சொல்லி விட்டோம். அவருக்கு அதில் சிறிது வருத்தம்.

குர்ஆனில் அன்கபூத் அத்தியாயத்தில், பூமியில் நடந்து சென்று படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பார்க்கும்படியான ஏவல் இருக்கிறது. நடப்பதும் பார்ப்பதும் அங்கே இணைத்துச் சொல்லப்படுகின்றன, ஊதியம் பேசப்படவில்லை.

"அவர்களெல்லாம் இல்மு தேடிப் போனவர்கள். இவன் ஊர் சுற்றப் போகிறான்" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் இல்மு என்பது கிதாபுக்குள் மட்டும் இருப்பதென்று யார் கூறியது? நாம் எந்த இமாமின் மத்ஹபைப் பற்றி நடக்கிறோமோ, அந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். கஸ்ஸாவில் பிறந்தார்கள், தாயார் மக்காவுக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள், இளமையில் மதீனா சென்று இமாம் மாலிக் அவர்களிடம் ஓதினார்கள், யமன், பக்தாது, இறுதியில் எகிப்து. பக்தாதில் சொன்ன சட்டங்களுள் பலவற்றை எகிப்துக்கு வந்தபின் மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் எம் ஃபிக்ஹு நூல்களில் பழைய கூற்று, புதிய கூற்று என்று இரண்டு பேசப்படுகின்றன. இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும்போது பிள்ளைகளிடம் நாம் ஒன்று கேட்பதுண்டு: இமாம் அவர்கள் பக்தாதிலேயே இருந்திருந்தால் புதிய கூற்று பிறந்திருக்குமா? புதிய ஆதாரங்கள் கிடைத்தமையே காரணம் என்று சிலர் சொல்வர். அந்த ஆதாரங்களும் வீட்டில் உட்கார்ந்திருந்தவரைத் தேடி வரவில்லையே!

வேலையை விட்டுப் போவது குறித்த அச்சமே எல்லாவற்றிலும் பெரிது. "நான்காண்டு உழைத்துப் பிடித்த இடம். ஓராண்டு இடைவெளி விழுந்தால் பிறகு எவன் வேலை தருவான்?" என்றார் தந்தையார். ஞாயமான அச்சம். அதற்கு நாம் கூறக்கூடிய விடை ஹிஜ்ரி 488ஆம் ஆண்டில், அதாவது 1095இல், பக்தாதில் இருக்கிறது.

அந்நாளில் முஸ்லிம் உலகின் ஆகப் பெரிய ஆசிரியப் பதவி பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் இருந்தது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் 1091இல், முப்பதுகளின் தொடக்கத்தில், அதில் அமர்த்தப்பட்டார்கள். முந்நூறு மாணவர், அரசவையில் மதிப்பு, நாடெங்கும் பெயர். நான்கே ஆண்டுகளில் அனைத்தும் கசந்தது. போவதா இருப்பதா என்று ஆறு மாதங்கள் தமக்குள்ளேயே போராடினார்கள். இறுதியில் பாடம் நடத்த வாயெடுத்தால் நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர் கைவிட்டனர். மக்காவுக்குப் போகிறேன் என்று ஊராரிடம் சொல்லிவிட்டு, மனத்துள் ஷாம் நாட்டை எண்ணிப் புறப்பட்டார்கள். (ஊராரின் வாய்க்கு அஞ்சிக் காரணத்தை மாற்றிச் சொல்வது அன்றும் இருந்திருக்கிறது!) திமஷ்கு, பைத்துல் முகத்தஸ், ஹரமைன் என்று சுற்றிப் பின்னர் ஊர் திரும்பித் தனித்திருந்தார்கள். மீண்டும் ஆசிரியராக நிஷாப்பூரில் அமர்ந்தது 1106இல். இடைவெளி பதினோராண்டு! அந்த இடைவெளியில் உருவானதே இஹ்யா. அவர்கள் பதவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால், நிஜாமிய்யாவில் பாடம் சொன்ன பலருள் ஒருவராக நூல்களின் ஓரக் குறிப்பில் நின்றிருக்கக்கூடும்.

எம் மாணவன் கஸ்ஸாலி அல்லன் என்று எவரும் எமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நாம் காட்ட வந்தது வேறு. தம் அனுபவத்தைத் தாமே எழுதுகையில் இமாம் அவர்கள் ஒன்றை மறக்காமல் குறிக்கிறார்கள்: செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் உணவுக்குப் போதியதை ஒதுக்கி வைத்தபின்னரே புறப்பட்டதாக. இஹ்யாவில் பயண ஒழுக்கங்களுக்கென்றே ஒரு தனி நூற்பகுதி உண்டு. அதில் பயணிக்கு முதற் கடமையாக என்ன சொல்லப்படுகிறது? பிறருக்கு இழைத்த அநீதியைச் சரிசெய், கடனைத் தீர், உன்னை நம்பியிருப்போர்க்கு வாழ வழி செய், அமானிதத்தை உரியவரிடம் சேர் என்னும் கருத்தே முதலில் நிற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, தவணை முடிந்த கடனுள்ளவன் கடன் கொடுத்தவரின் இசைவின்றிப் பயணம் புறப்படலாகாது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு அன்றைய கூடத்துக்குத் திரும்பி வாருங்கள். தாயின் வளையலை அடகில் விட்டுப் போகிறவன் ஒருவன். கடனற்றவன், தன் உழைப்பின் சேமிப்பை எடுத்துப் போகிறவன் மற்றொருவன். இமாமின் அளவுகோலில் யார் தேறுகிறார், யார் தவறுகிறார்? தங்கை மகனை நாம் பழிக்கவில்லை. வறுமை அவனைத் தள்ளுகிறது. அவனுக்காக நாம் ஓதிய துஆ மனமுவந்து ஓதியதே. புத்தி பேதலித்தவன் யார் என்ற கேள்விக்கு மட்டும் விடை தேடுகிறோம்.

வேறு சமுதாயங்களில் இதற்கு ஏற்பாடே உண்டு. ஜெர்மனியில் தச்சரும் கொத்தரும் தொழில் கற்றுத் தேறியபின் ஊரை விட்டுப் புறப்படும் பழைய வழக்கம் ஒன்று இன்றும் சிலரால் பேணப்படுகிறது. மூன்றாண்டும் ஒரு நாளும் சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டர் எல்லைக்குள் வரலாகாது. ஊர் ஊராகச் சென்று, பல கைகளிடம் வேலை கற்று வருவர். அவ்வாறு புறப்படுவோர் முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும், மணமாகாதிருக்க வேண்டும், கடன் இருக்கவே கூடாது. கஸ்ஸாலியை அவர்கள் படித்ததில்லை. அவரவர் அறிவு ஒரே இடத்துக்கு அவர்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அந்நாட்டில், ஓராண்டு இரண்டாண்டு ஊர் சுற்றிவிட்டு வந்த தச்சனை வேலையற்றவன் என்று ஒதுக்குவதில்லை. கை தேர்ந்தவன் என்று அழைத்துக்கொள்கின்றனர்.

அரசுகளும் இளமைக்கென்று கதவு வைத்திருக்கின்றன. பிரிட்டன் 2023இல், 18 முதல் 30 வயதுக்குட்பட்ட இந்தியப் பட்டதாரிகளுக்கு ஈராண்டு தங்கி வேலை செய்யவும் ஊர் காணவும் ஆண்டுக்கு 3,000 பேர் வரை இடமளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆஸ்திரேலியா 2024இல் அதே வயதினர்க்கு ஆண்டுக்கு 1,000 இடங்களைக் குலுக்கல் முறையில் திறந்தது. வயது வரம்பைக் கவனியுங்கள். "இப்போது சம்பாதி, ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்" என்று எம்மவர் சொல்கிறார்கள். முப்பதைத் தாண்டியவனுக்கு அக்கதவுகள் இல்லை. ஓய்வு பெற்றபின் முழங்காலும் இல்லை. நாம் ஐம்பதைத் தாண்டியவராதலின் இதை அனுபவித்தே சொல்கிறோம்.

எமக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. ஸனது பெற்ற மறு ஆண்டு, உடன் ஓதிய நண்பர் காஹிராவுக்குப் புறப்பட்டார். "ஓராண்டு வாரும், அஸ்ஹரின் தூண்களுக்கடியில் உட்கார்ந்துவிட்டு வரலாம்" என்றார். அவ்வாண்டே எமக்கு ஒரு பள்ளியில் ஆசிரியப் பணி கிடைத்திருந்தது. விட்டால் போய்விடும் என்றனர், விடவில்லை. முப்பதாண்டுகளாக நீல் நதியைப் பற்றிய அரபுப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தி வருகிறோம். அந்த நதியின் நீர் என்ன நிறம் என்று ஒரு சிறுமி ஒரு முறை கேட்டாள். பாடநூலில் இல்லாத கேள்வி. நமக்கு விடை தெரியவில்லை.

செலவைப் பற்றியும் பேசினார்கள். வீண்விரயம் என்னும் சொல் அன்று மும்முறை ஒலித்தது. பிள்ளை தன் கணக்கை எம்மிடம் காட்டியிருந்தான்: பன்னிரண்டு மாதத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய், மலிவான விடுதி, பேருந்து, ரயில். சென்ற ஆண்டு அவனுடைய தங்கையின் நிக்காஹ் விருந்துக்கும் மண்டபத்துக்கும் மட்டும் ஆன செலவு இதைப்போல் இரு மடங்கு. அந்த விருந்தில் நாமும் உண்டோம். பிரியாணி நன்றாகவே இருந்தது. ஒரு பகலில் எச்சில் இலையோடு போனதற்கு அன்று எவரும் விரயம் என்று பெயரிடவில்லை.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தாரையும் விட்டுவைக்க எமக்கு மனமில்லை. கடன் அட்டையைத் தேய்த்துத் தாய்லாந்து போய், பத்து நாளில் ஆயிரம் படம் எடுத்துத் திரும்பி, அந்தக் கடனை ஈராண்டு கட்டும் பிள்ளைகளும் எம் தெருவில் உண்டு. போன இடத்தில் ஒரு மனிதரோடு அவர்கள் உட்கார்ந்து பேசியதில்லை. ஒரு சொல் அந்நாட்டு மொழி கற்றதில்லை. கைப்பேசியில் முகத்தைப் பதிந்துகொண்டு வந்துவிட்டனர். அதை ஸஃபர் என்று அழைக்க வேண்டாம். விலகத் திரை எதுவும் அங்கில்லை. வீட்டில் மருந்துக்குப் பணமின்றித் தாய் கிடக்க, மனநிறைவு தேடிப் போகிறேன் என்று புறப்படுபவனுக்கும் நாம் பரிந்து பேசமாட்டோம். அவனுடைய இடம் தாயின் கட்டிலருகே.

எம் மகள் இக்கட்டுரையின் முற்பகுதியைப் படித்துவிட்டு, "பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் நாங்களும் உண்டா?" என்று கேட்டாள். மர்வ் நகரத்துக் கரீமா அம்மையார் மக்காவில் அமர்ந்து ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்ததையும், பக்தாதின் பேரறிஞர் கதீப் அவர்கள் அந்த அம்மையாரிடம் ஓதியதையும் சொன்னோம். மர்விலிருந்து மக்கா எவ்வளவு தொலைவு என்று உடனே கேட்டாள். பெண் தனித்துப் பயணம் செய்வது பற்றி மத்ஹபுகளில் உள்ள கருத்து வேறுபாடு விரிவானது. நம்பத்தகுந்த துணையோடு செல்வதற்கு எம் மத்ஹபில் ஹஜ்ஜைக் குறித்து இடமிருப்பதும் அறிந்ததே. அதனை மற்ற பயணங்களுக்கு எவ்வளவு விரிக்கலாம் என்பது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. ஆனால் இனி அவளிடம் 'கூடாது' என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துவிட எம்மால் ஆகாது என்பதைப் பதிவு செய்கிறோம்.

எல்லா வாதங்களுக்கும் பின்னே அன்று சொல்லப்படாமல் நின்றது ஒன்று. பிள்ளையின் உம்மா கதவுக்கப்பால் இருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. இப்னு பதூதாவைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர், அவர் கதையின் அந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுவர். நாம் தாண்டக் கூடாது. 1325இல், 21 வயதில், தாயும் தந்தையும் உயிரோடிருக்க, துணை ஒருவருமின்றித் தான்ஜியரிலிருந்து ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டவர் அவர். ஹஜ்ஜு முடிந்தும் திரும்பவில்லை. டில்லியில் காஜியாக இருந்தார். மாலத்தீவில் காஜியாக இருந்தார். இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறினார். எம் மஅபர் கரையில் ஒதுங்கி மதுரைக்கும் வந்தார். அன்று மதுரையை ஆண்ட சுல்தானின் கொடுமைகளை அவர் மறைக்காமல் சொல்லியதால்தான் அவற்றை நாம் இன்று அறிகிறோம். 1348இல் திமஷ்குக்குத் திரும்பியபோது, தந்தை இறந்து பதினைந்தாண்டு ஆயிற்று என்று கேள்விப்பட்டார். மறு ஆண்டு மொரோக்கோவை நெருங்கியபோது தாயும் கொள்ளைநோயில் இறந்த செய்தி வந்தது. அவர் போய் நின்றது கப்றின் முன்னே.

இதை நாம் அந்தப் பிள்ளையிடம் முழுதும் சொன்னோம். பயணத்தின் புகழை மட்டும் சொல்லி அனுப்புவது அமானித மோசடி. இப்னு பதூதாவின் காலத்தில் மடல் போய்ச் சேர ஆண்டுகள் ஆகும். எம் தந்தையாரின் கடிதம் பினாங்கிலிருந்து வாரக் கணக்கில் வந்தது. இன்று அவன் உம்மா அவனுடைய முகத்தை நாள்தோறும் கைப்பேசியில் காணலாம், நோயென்றால் மறுநாள் அவன் விமானத்தில் வந்திறங்கலாம். இருந்தும் பிரிவு பிரிவுதான். ஆனால் கதவுக்கப்பால் இருந்த அந்தத் தாயைக் காட்டி அவனைத் தடுக்கின்ற ஆண்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறோம். அதே தாய் தம் கணவரை ஜித்தாவுக்கு அனுப்பிவிட்டுப் பதினான்கு ஆண்டு காத்திருந்தபோது, அவர் மனம் என்ன பாடுபட்டதென்று உங்களுள் எவரேனும் கேட்டதுண்டா?

நாம் கேட்டோம், அன்று மாலை, அந்தத் தாயையே. "அவர் போகும்போது எப்போ வருவார் என்று யாரும் சொல்லவில்லை ஹஜ்ரத். இவன் தேதி சொல்லிவிட்டுப் போகிறான்" என்றார்.

தந்தையார் இன்னும் இணங்கவில்லை. வரும் வியாழன் அஸருக்குப் பின் எம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு கணக்கேடுகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்: பிள்ளை எழுதிய பயணக் கணக்கு ஒன்று; வீட்டின் கடன் வரவு ஏடு ஒன்று. கடன் ஏதேனும் பிள்ளையின் பெயரில் இருக்குமாயின், அது தீரும்வரை அவன் சென்னையிலேயே இருக்கட்டும் என்று நாமே சொல்வோம். இல்லையாயின், தங்கை மகனுக்கு ஓதிய அதே துஆவை அவனுக்கும் ஓதும்படி தந்தையார் எம்மிடம் கேட்க வேண்டும். பினாங்கில் இறங்கியதும் எந்தப் பக்கம் போனால் மலை ரயில் நிலையம் வரும் என்று பிள்ளை ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறான்.